அறுபத்திரண்டு கிலோவில் நின்ற மாமா

காலை ஐந்து ஐம்பது. தாம்பரம் ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில் நான் முதலில் பார்த்தது, எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் செருப்போடு ஏறி நின்ற என் அக்காவின் கணவரை. இயந்திரத்துக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன. ஒரு ரூபாய் உள்ளே போயிற்று. அட்டைச் சீட்டு வெளியே விழுந்தது. ஒரு பக்கம் அறுபத்திரண்டு கிலோ. மறுபக்கம், "உங்கள் பேச்சுத் திறமையால் எதிரிகளை வெல்வீர்கள்." அப்போது அவருக்குக் குரல் போய்ச் சில நாள் ஆகியிருந்தது.

"ஆஸ்பத்திரி மிஷின நம்ப முடியாது மச்சான்," என்று காற்றாகச் சொன்னார். "இதான் கரெக்ட்டு."

நான் தலையாட்டினேன். வேட்டிக்கு மேல் கட்டியிருந்த பச்சை பெல்ட் இடுப்பிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மெலிந்தவர்களுக்கு பெல்ட் இறங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஜி.எஸ்.டி. சாலையில் பாலங்களுக்காக எங்கு பார்த்தாலும் தோண்டிப் போட்டிருந்த காலம். மாமாவுக்கு இரும்புலியூரில் ஹார்டுவேர் கடை. அவருடைய அப்பா காலத்தில் அந்த இடம் நெல் வயல். வயல் மனையாகி, மனை கடையாகி, கடையில் அவர் ஆணியையும் கம்பியையும் நிறுத்து விற்றுக்கொண்டிருந்தார். நாக்கின் அடியில் வந்தது கட்டி. நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய ஏழு வாரம் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள், இடையிடையே ஊசி மருந்து. நான் ஒரு பத்திரிகையில் மாலை ஷிஃப்ட் உதவி ஆசிரியன். காலையில் வேலை இல்லாத ஆண் குடும்பத்தில் நான் ஒருவன்தான் என்பதால் கூடப் போகும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சிகிச்சைக்கு முன்னால் அவருக்கு ஒரு முகமூடி செய்தார்கள். வலைபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் அப்பளமாவு மாதிரி இளகும். அதை முகத்தின் மேல் வைத்து அழுத்தினால் மூக்கு, தாடை, கழுத்து எல்லாம் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். தினமும் அதைப் போட்டு, மேசையோடு சேர்த்துத் திருகி, முகம் ஒரு நூல்கூட அசையாமல் படுக்கவைத்துக் கதிரைச் செலுத்துவார்கள். மாமாவுக்கு முகமூடியின் வேலைப்பாடு பிடித்திருந்தது. பிளாஸ்டிக் என்ன கேஜ், எவ்வளவு தடிமன் என்று விசாரித்தார்.

உணவு ஆலோசகர் ஒரு இளம்பெண். மூக்குக் கண்ணாடி, கையில் பிளாஸ்டிக்கில் செய்த இட்லி, முட்டை, சப்பாத்தி. முதல் நாளே நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், இப்ப நல்லா சாப்பிடுறீங்க. ரெண்டு மூணு வாரத்துல வாயெல்லாம் புண்ணாகும். எச்சில் பிசின் மாதிரி ஆகும். ருசி தெரியாது. அப்பவும் சாப்பிடணும். முகம் மெலிஞ்சா மாஸ்க் ஆடும். மாஸ்க் ஆடினா ட்ரீட்மென்ட்டை நிறுத்திட்டு, புதுசா மாஸ்க் செஞ்சு, புதுசா ப்ளான் போடணும். நடுவுல நிறுத்தினா கட்டிக்குத்தான் லாபம்."

"சாப்பாட்டுல எனக்கு யாரும் சொல்லித் தரவேணாம் மேடம்," என்றார் மாமா. அப்போது குரல் இருந்தது.

அதில் பொய்யில்லை. எங்கள் உறவில் கல்யாணம் என்றால் பந்தி விசாரிக்கும் பொறுப்பு அவருடையது. பந்தி விசாரிப்பது என்றால் இலைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே, போதும் என்று கை குவிப்பவருக்கு இன்னொரு கரண்டி வைக்கச் சொல்வது. அவர் நடந்து போன வரிசையில் யாரும் தன் விருப்பப்படி எழுந்ததில்லை. "இன்னா மச்சான், கொஞ்சமா சாப்டு வீட்டுக்குப் போய் எங்கள திட்டலாம்னு பாக்குறியா?" என்பார். வடை பாயசக்காரனைத் திரும்பக் கூப்பிடுவார். சர்க்கரை நோய்க்காரர்களின் மனைவிமார் அவரைக் கண்டால் கணவரின் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்கள்.

மூன்றாவது வாரத்தில் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். அது ரசம் சாதம், குழைய மசித்தது. உள்ளே போனதும் மிளகு கண்ணாடித்தூள் மாதிரி அறுத்தது.

அக்கா அன்றோடு மிளகை நிறுத்தினாள். புளியை நிறுத்தினாள். ஆலோசகர் சொன்னபடி சத்துமாவுக் கஞ்சியைத் தண்ணீராக்காமல் பாலில் காய்ச்சி, பொட்டுக்கடலைப் பொடியும் நெய்யும் கலந்து, வெந்த முட்டையின் வெள்ளைக்கருவை மிக்சியில் அடித்துச் சேர்த்தாள். சாப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு வாயை மரக்கவைக்கும் மருந்து. அதற்கும் முன்பு உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் கொப்பளிப்பு. ஒரு டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்படி ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் உள்ளே போகவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் மூன்று குடித்தார். மற்றதை என்ன செய்தார் என்று அக்கா பிற்பாடுதான் கண்டுபிடித்தாள். கொல்லைப்புற முருங்கைமரத்தின் அடியில் நெய் வாசனை வந்தது.

இதற்கிடையில் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பதால் வந்தவர் அத்தனை பேரும் சத்து பானப் பாட்டிலோ சாத்துக்குடியோ கொண்டுவந்தார்கள். பாட்டில்கள் கூடத்து ஷோகேஸை நிரப்பி, டி.வி. மேல் ஏறி, ஃப்ரிட்ஜ் மேல் போய் நின்றன. சாத்துக்குடிச் சாறு வாய்ப்புண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் பிழிந்தும் கொடுத்தார்கள். மாமா ஒரே ஒரு முறை குடித்தார். அதற்குப் பிறகு சாத்துக்குடிப் பையைக் கண்டாலே உள்ளறைக்குப் போய்விடுவார்.

பழத்தோடு ஆளுக்கொரு தடையும் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. தெருவில் முதன்முதலில் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியவர். தனக்கு வரும் மின்னஞ்சல்களை அச்செடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது அவருடைய பொதுப்பணி.

"கேன்சருக்குத் தீனியே சர்க்கரைதான்மா," என்று அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். "அமெரிக்காவுலேருந்து வந்திருக்கு."

"யாரு சார் அனுப்பினது?"

"எங்க சகலை."

"அவரு டாக்டரா?"

"இல்ல, ஃபார்வர்ட் பண்ணியிருக்கார்."

சர்க்கரை போயிற்று. மாமாவின் சித்தப்பா முட்டை சூடு என்றார். முட்டை போயிற்று. ஒரு சகோதரி முறைப் பெண் பால் சளி என்றாள். ஏற்கெனவே பிசினாய் இருந்த எச்சிலைச் சாட்சிக்கு வைத்துச் சொன்னதால் அவளுடைய வாதம் எடுபட்டது. தயிர் குளிர்ச்சி. நெய் மந்தம். நிலக்கடலை பித்தம். கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா மட்டும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. "பால்சுறா வேகவெச்சு முள்ளில்லாம உதுத்துக் குடு அக்கா, புள்ள பெத்தவளுக்கே அதான குடுக்குறோம்," என்றாள். சித்தப்பா அன்று வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். செதிலில்லாத மீன் கரப்பான், உடம்பெல்லாம் சொறி கிளம்பும் என்றார். மீன்காரம்மா அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கு யாரு குடுக்கச் சொன்னது?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

எங்கள் பத்திரிகையும் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு இணைப்பில் 'புற்றுநோயை ஓடவைக்கும் பழங்கள்' என்று வண்ணப்படத்தோடு வந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். ராசிபலனும் அவருடைய பொறுப்பே. உறவினர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, அதே பத்திரிகையில் வேலை செய்யும் என்னிடமே பத்திரமாகக் கொடுத்தார்கள்.

எல்லோருடைய தடையையும் கழித்துப் பார்த்தால் மாமா சாப்பிடத் தக்கது என்று உலகத்தில் வெந்நீர் மட்டும் மிஞ்சியது. அதுவும் கேன் தண்ணீராக இருக்கக்கூடாது என்று ஒருவர் சொன்னார்.

ஆனாலும் எடை குறையவில்லை. இதுதான் வியப்பு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆலோசகரின் அறையில் எடை பார்த்தார்கள். அறுபத்திரண்டு. அடுத்த வாரம் அறுபத்திரண்டு. கன்னம் உள்ளே போயிருந்தது, சட்டைக் காலரில் கழுத்து தனியாக நின்றது, எடை மட்டும் முத்திரை அடித்த எடைக்கல் மாதிரி அசையாமல் இருந்தது.

ஆலோசகருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. காத்திருக்கும் கூடத்தில் இருந்த மற்ற நோயாளிகளிடம் அவரைக் காட்டினார். "இவரப் பாருங்க. அஞ்சாவது வாரம். ஒரு கிலோ இறங்கல. வீட்டுல எப்படி ஃபாலோ பண்றாங்க!"

மற்றவர்கள் மரியாதையோடு பார்த்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர், அவருக்குக் கட்டி தொண்டையில், மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, எப்படிண்ணா முழுங்குறீங்க? எனக்குத் தண்ணியே எறங்கல."

மாமா குரலில்லாத குரலில் அவருக்குப் பந்தி விசாரித்தார். வெள்ளைக்கருவைப் பாலில் அடிக்கவேண்டும், ஸ்ட்ரா வைத்துக்கொள்ளவேண்டும், வலித்தாலும் நிறுத்தக்கூடாது, மனசுதான் காரணம். முந்தின நாள் முழுக்க அவர் வயிற்றுக்குள் போனது ஒன்றரை டம்ளர் கஞ்சி. அதை அளந்த அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். டிரைவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

குட்டு உடைந்தது எடை பார்க்கும் அறையில் அல்ல. கதிர்வீச்சு அறையில்.

அன்று உள்ளே போனவர் உடனே வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே டெக்னீஷியன் முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தின் மேல் அதைப் பொருத்தி, கன்னத்துக்கும் வலைக்கும் நடுவில் ஒரு விரலை விட்டார். விரல் தாராளமாகப் போயிற்று. இரண்டாவது விரலும் போயிற்று.

மருத்துவர் வந்தார். எடை அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"வெயிட் குறையல. மாஸ்க் லூஸா இருக்கு. எப்படி?"

மாமா மேற்கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் வாடிக்கையாளர் தராசைக் குனிந்து பார்க்கும்போது அவர் இதே போல் விசிறியைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆலோசகரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து மாமாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை இடுப்பில் நின்றது.

"சார், அந்த பெல்ட்டைக் கழட்டுங்க."

"அது எதுக்கு மேடம்? வேட்டி நிக்காது."

"நான் திரும்பிக்கிறேன். கழட்டுங்க."

பெல்ட்டை மேசையில் வைத்தபோது மேசை சத்தம் போட்டது. ஆலோசகர் அதன் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பித்தளைப் பூட்டு, பெரிய சைஸ். அதே சைஸில் இன்னொன்று. கடைச் சாவிக்கொத்து. கடைசியாக, கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக்குண்டு. முதலில் சாவிக்கொத்து மட்டும்தான் இருந்திருக்கிறது. எடை இறங்க இறங்க ஒவ்வொரு சரக்காகக் கடையிலிருந்து சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரும் வழியில் தாம்பரம் நிலையத்தில் ஏறி நின்று கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

பெல்ட் இல்லாமல் எடை இயந்திரத்தில் ஏற்றினார்கள். ஐம்பத்தேழு.

ஆலோசகர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "உங்கள எல்லார்கிட்டயும் காமிச்சேனே சார்," என்று மட்டும் சொன்னார்.

மாமா தரையைப் பார்த்தார்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"எட கொறஞ்சா டியூப் போட்ருவேன்னு மேடம் சொன்னாங்க."

"ஆமா. மூக்கு வழியா வயித்துக்கு ஒரு சின்ன டியூப். அதுல சாப்பாடு போகும். அதுல என்ன?"

"டியூப்பு போட்டவன் எவன் சார் பொழச்சிகீறான்?" இதைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. நடுநடுவில் எச்சிலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாவுக்குப் போட்டாங்க. பத்து நாள்ல பூட்டாரு. கோடிவூட்டு நைனாவுக்குப் போட்டாங்க. அவரும் பூட்டாரு. எங்க தெருவுல மூக்குல டியூப்போட வந்தவன் எவனும் பொங்கல் பாத்ததில்ல."

"அவங்களுக்கெல்லாம் எல்லாம் முடிஞ்ச பிறகு போட்டிருப்பாங்க," என்றார் ஆலோசகர். "உங்களுக்கு முடியக்கூடாதுன்னு போடுறோம்."

மருத்துவர் விரலை மடக்கிச் சொன்னார். புது முகமூடி செய்து, புதிதாகக் கணக்குப் போட்டு, மறுபடி தொடங்கச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியே நல்லதல்ல. இப்படியே சாப்பிடாமல் இருந்தால் புது முகமூடியும் ஆடும். இன்னொரு முறை நிறுத்தவேண்டி வந்தால் இதுவரை பட்ட பாடு வீண். மிச்சமிருப்பது இரண்டு வாரச் சிகிச்சை. அதற்குள் முகம் இதற்கு மேல் மெலியக்கூடாது.

மாமா ஒரு நிபந்தனை போட்டார். குழாய் போட்ட விஷயம் உறவில் யாருக்கும் தெரியக்கூடாது.

ஒல்லியான குழாய். மூக்கு வழியாக உள்ளே போய், வெளியே இருக்கும் முனையைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டார்கள். சாய்ந்து உட்காரவேண்டும். பெரிய சிரிஞ்சின் பின்தண்டை எடுத்துவிட்டுக் குழாயில் பொருத்தி, உயர்த்திப் பிடித்து, கஞ்சியையோ பாலையோ வடிகட்டி ஊற்றினால் அது தானாக மெல்ல இறங்கும். கடைசியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குழாயைக் கழுவவேண்டும். இரண்டு மணிக்கொரு தடவை. ஆலோசகர் அக்காவுக்குச் செய்து காட்டி, அக்காவைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். எந்தக் காரணத்துக்காகவும் வாய் வழியாக எதுவும் கொடுக்கவேண்டாம், புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

நாங்கள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கினோம். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். வாசலுக்கும் கதவுக்கும் நடுவில் காற்று அடித்துத் துண்டு விலகியது. எதிர்வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற அதிகாரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

நான் பல வருஷம் செய்தி நிறுவனங்களின் தந்தியைப் பிரித்துப் பார்த்தவன். இரும்புலியூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அன்று செய்தி போன வேகத்தில் எந்த நிறுவனமும் அனுப்பியதில்லை. போகும்போது செய்தி சும்மாவும் போகவில்லை. எதிர்வீட்டில் 'டியூப் போட்டிருக்காங்க'. வண்டலூரில் 'ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க'. கூடுவாஞ்சேரியில் 'நினைவு இல்லையாம்'. சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்த மாமாவின் அத்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது, திருத்த எதுவும் மிச்சமில்லாத முழுச்செய்தியாக இருந்தது.

மறுநாள் மதியம் ஒரு வேன் வந்து நின்றது. அத்தை இறங்கினார். கையில் மூடி போட்ட பித்தளைத் தூக்கு. அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். போகிற உயிருக்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வாய் பால் ஊற்றவேண்டும். அது எங்கள் பக்கத்தில் விடமுடியாத கடன். அதற்காக வீட்டுப் பசுவின் பாலைக் கறந்து கொண்டுவந்திருந்தார். கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்தும்விட்டார்.

"ஊருக்கெல்லாம் பந்தி வெச்ச மவராசா, உனக்கு ஒரு வாய் பால் ஊத்தவா நான் வந்தேன்..."

கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மாமா சத்தம் கேட்டு எழுந்து வெளியே வந்தார். மூக்கில் குழாய், காதில் சுற்று, கையில் டி.வி. ரிமோட்.

"யாரு அத்த பூட்டாங்க?" என்றார்.

அத்தை நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒப்பாரியை எந்த இடத்தில் நிறுத்துவது என்று யாருக்கும் பழக்கமில்லை. கடைசியில் நின்ற ஒரு பெண் மட்டும் முன்னால் நடப்பது தெரியாமல் இன்னும் கொஞ்சம் அழுதுகொண்டிருந்தாள்.

"நடந்து வர்றான்டி," என்று அத்தை அவளை அதட்டினார். பிறகு மாமாவைப் பார்த்து, "இன்னாடா கோலம் இது?" என்றார்.

அக்கா எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து விவரம் சொன்னாள். முகமூடி, எடை, இரண்டு வாரம். அத்தை முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுத் தூக்கைத் தொட்டார்.

"அதெல்லாம் சர்தான். கொண்டாந்த பாலைத் திரும்ப எடுத்துகினு போவக்கூடாது. குடும்பத்துக்கு ஆவாது. ஒரு வாய் ஊத்திட்டுப் போறோம்."

"வாயில ஒரு சொட்டுகூடக் கூடாது அத்தை. புரை ஏறிடும்."

"அப்ப எங்க ஊத்துறது?"

"மூக்குல."

"மூக்குல பால் ஊத்துற வழக்கம் எந்த ஊர்ல கீது?"

"ஆஸ்பத்திரில இருக்கு," என்றாள் அக்கா. தூக்கை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பாலைக் காய்ச்சினாள். வெதுவெதுப்பாக ஆறவிட்டாள். ஆலோசகர் கொடுத்த புரதப் பொடியைக் கலந்து துணியில் வடிகட்டினாள். மாமாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சிரிஞ்சைக் குழாயில் மாட்டி உயர்த்திப் பிடித்தாள். "ஆளுக்குக் கொஞ்சம். மெதுவா. அவசரப்பட்டா வாந்தி வரும்."

அத்தை கரண்டியை எடுத்ததும் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"முதல்ல பங்காளிதான ஊத்தணும்?"

"நான் அவனத் தூக்கி வளத்தவ."

"வளத்தது வேற. முறை வேற."

"முறை தெரிஞ்சவன்தான் முட்டை சூடுன்னு சொல்லிப் புள்ளய இந்த கதிக்கு ஆளாக்கினியா?"

"நான் நல்லதுக்குச் சொன்னேன்."

"நல்லதுக்குச் சொல்றவன் தள்ளி நின்னு சொல்லு."

பங்காளிகள் ஒருபுறமும் பெண்வழி உறவு ஒருபுறமுமாகக் கூடம் பிரிந்தது. நடுவில் மாமா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவதற்கான மரியாதை வரிசையில் தன் இடம் எது என்று அவரை யாரும் கேட்கவில்லை. அக்காவுக்குக் கை வலித்தது. "ரெண்டு பேரும் ஒரே கரண்டியப் புடிங்க," என்றாள். அத்தையும் சித்தப்பாவும் ஒரே கரண்டியைப் பிடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஊற்றினார்கள். பால் குழாயில் இறங்குவதை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அடுத்து வயது வரிசையில் மற்றவர்கள். கால் லிட்டர் போயிற்று. அத்தனை வாரத்தில் ஒரே வேளையில் அவர் வயிற்றுக்கு அவ்வளவு போனது அன்றுதான்.

வந்தவர்கள் காபி குடித்தார்கள். பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அக்கா அடுத்த வேளைக்கான கஞ்சியோடு வந்தாள். மறுபடியும் ஊற்றினார்கள். இந்தத் தடவை சண்டை இல்லை, சிரிஞ்சை யார் பிடிப்பது என்பதில் போட்டி மட்டும் இருந்தது.

அக்கா அன்று மாலை ஒரு முடிவு எடுத்தாள். மாமாவைப் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டுவரக்கூடாது, பாட்டில் கொண்டுவரக்கூடாது. வந்தால் ஒரு வேளை ஊற்றிவிட்டுப் போகவேண்டும். ஆளுக்கொரு நேரம் கொடுத்தாள். காலையில் ஆஸ்பத்திரி போய்வந்ததும் சித்தப்பா. மதியம் அத்தை வீட்டிலிருந்து ஒருவர், ரயிலில். ஊற்றும் நேரம் முழுவதும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணைக் குழாயிலேயே வைத்திருக்கவேண்டியிருந்ததால் ஒருவராலும் ஆலோசனை சொல்ல முடியவில்லை.

மாலை நாலு மணி எதிர்வீட்டு அதிகாரிக்கு. முதல் நாள் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார்.

"இதுல சர்க்கரை இருக்காம்மா?"

"இருக்கு சார். ஆலோசகர் போடச் சொன்னாங்க."

"நான் ஒத்துக்கல. ஆனா ஊத்துறேன்."

"ஊத்துங்க சார்."

கடமையில் அவர் குறை வைக்கவில்லை. மற்றவர்கள் குத்துமதிப்பாக ஊற்றியபோது அவர் அளவுக்கோட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்து ஊற்றினார். கடைசி வெந்நீரையும் மறந்ததில்லை. மாமாவுக்கு அவரைத்தான் பிடித்திருந்தது. மற்றவர்கள் ஊற்றும்போது, "வேகமா வேகமா," என்று கையால் காட்டுவார். அவர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

புது முகமூடி தயாராகி, சில நாள் இடைவெளிக்குப் பிறகு சிகிச்சை திரும்பத் தொடங்கியது. முதல் நாள் டெக்னீஷியன் கன்னத்துக்கும் வலைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை. திங்கட்கிழமை ஆலோசகர் எடை பார்த்தார். ஐம்பத்தேழு. அதற்கடுத்த திங்கட்கிழமை ஐம்பத்தேழரை. இந்தத் தடவை அவர் மாமாவை யாரிடமும் காட்டவில்லை.

ஆனால் காத்திருக்கும் கூடத்தில் லாரி டிரைவர் இருந்தார். மாமாவின் மூக்கைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"உங்களுக்கே போட்டுட்டாங்களாண்ணா?"

மாமா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முந்தின தடவை சொன்ன வெள்ளைக்கரு, ஸ்ட்ரா, மனசு எதையும் சொல்லவில்லை. சொல்லக் குரலும் இல்லை. காதுக்குப் பின்னாலிருந்து குழாயின் முனையை எடுத்து அவர் கையில் கொடுத்து, தொட்டுப் பார்க்கச் சொன்னார். டிரைவர் இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

"வலிக்குதாண்ணா?"

மாமா இல்லை என்று தலையாட்டினார். பிறகு கொஞ்சம் என்று விரலால் காட்டினார்.

மறுவாரம் டிரைவரும் குழாயோடு வந்தார்.

மிச்சமிருந்த கதிர்வீச்சு ஒரு நாளும் நிற்கவில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் புண் ஆறும்வரை குழாய் இருந்தது. அதை எடுத்த அன்று மாமா வாய் வழியாக விழுங்கியது மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர். மூன்றாவதை விழுங்கி முடிக்கும்வரை அத்தை பக்கத்தில் நின்றார்.